பழுப்புக் கடல் படங்கள்: செயற்கைக்கோள் காண்பது வண்டலையா, மணலையா?

பெருமழையோ புயலோ ஓய்ந்து வானம் வெளுத்ததும் கைப்பேசிகளில் ஒரு படம் சுற்றத் தொடங்கும். விண்ணிலிருந்து எடுத்த வங்கக் கடலோரப் படம். கரையை ஒட்டிப் பழுப்பு, அதற்கடுத்துக் கலங்கிய பச்சை, அதற்கும் அப்பால் கருநீலம். "நம் கடற்கரை மணல் எப்படி அடித்துக்கொண்டு போகிறது பாருங்கள்" என்று கீழே ஒரு வரி இருக்கும்.

படம் உண்மையானதுதான். அந்த வரிதான் தவறு. படத்தில் தெரியும் பழுப்பில் கடற்கரை மணல் அனேகமாக இல்லை. மணல் சேர்ந்தால் கரை வளரும், மணல் போனால் கரை கரையும். படத்தில் தெரிவது வேறொரு பொருள். இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால் கடல் அரிப்பைப் பற்றிய பேச்சே திசை மாறிப்போகிறது. அதனால்தான் இந்த விஷயத்தை அடியிலிருந்து விளக்க வேண்டும் என்று தோன்றியது.

முதலில் ஒரு சொல். கடற்பரப்பிலிருந்து மேலே வரும் ஒளியை, நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் எவ்வளவு வருகிறது என்று செயற்கைக்கோள் அளக்கிறது. அந்த எண்களின் தொகுப்புக்குத்தான் 'கடல் நிறத் தரவு' என்று பெயர். அதைப் புகைப்படம் என்று நினைப்பதைவிட அளவீடு என்று நினைப்பது நல்லது.

புதுவெள்ளம் மொண்ட குடம்

ஆற்றில் புதுவெள்ளம் வரும்போது ஒரு குடம் தண்ணீர் மொண்டு திண்ணையில் வைத்தால் என்ன நடக்கும்? சில நொடிகளில் மணல் அடியில் உட்கார்ந்துவிடும். சற்று நேரத்தில் அதன்மேல் மெல்லிய சேறு படியும். ஆனால் மறுநாள் பார்த்தாலும் மேல்தண்ணீர் தெளிந்திருக்காது. குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரசி அந்த நீரைத் தெளிய வைக்கும் வழக்கம் இதனால்தான் வந்தது.

கடலிலும் நடப்பது இதுதான். 0.2 மில்லிமீட்டர் பருமனுள்ள கடற்கரை மணல், அசையாத நீரில் 10 மீட்டர் ஆழத்தைப் பத்து நிமிடத்துக்குள் கடந்து அடியில் போய் விழும். அதில் நூறில் ஒரு பங்கு பருமனே உள்ள களிமண் துகள், தனியாக இருந்தால், அதே 10 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ ஒரு மாதம் எடுக்கும். கடல் ஒருபோதும் அசையாமல் இருப்பதில்லை என்பதால் அந்தத் துகள் பல நாள் தொங்கிக்கொண்டே நீரோட்டத்தோடு போகும். இப்படிப் படியாமல் நீரோடு போகும் நுண்துகள்களை 'மிதக்கும் வண்டல்' என்கிறோம். ஒரு லிட்டர் நீரில் எத்தனை மில்லிகிராம் என்று அதை அளப்பார்கள்.

நிறத்தைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. ஒரே எடை மணலையும் களிமண்ணையும் எடுத்துக்கொண்டால், மேலே சொன்ன அளவுகளில் களிமண்ணின் மொத்த மேற்பரப்பு மணலுடையதைப்போல நூறு மடங்கு. ஒளி பட்டுச் சிதறுவது மேற்பரப்பில். ஆகவே ஒரு கைப்பிடிக் களிமண் ஒரு குடத்தையே கலக்கிவிடும். ஒரு கைப்பிடி மணலைப் போட்டால் தண்ணீரின் நிறம் அவ்வளவாக மாறாது.

ஆற்று நீர் உப்பு நீரைத் தொட்டதும் தேற்றாங்கொட்டை செய்வதைப்போன்ற வேலையைக் கடலே செய்கிறது. உப்பின் விளைவாகக் களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, கனம் கூடிச் சீக்கிரம் படிகின்றன. ஆறு கொண்டுவரும் வண்டலில் பெரும்பகுதி முகத்துவாரத்தின் அருகிலேயே தங்கிவிடுவதற்கு இது ஒரு காரணம். பிறகு காற்று பலமாக வீசி, அலை அடியைத் தொடும்போது, படிந்தது மறுபடி மேலே எழும்.

ஆகவே கடலோரம் பழுப்பாக இருந்தால் ஆறு இப்போதுதான் மண்ணைக் கொண்டுவந்து கொட்டியது என்று முடிவு கட்ட முடியாது. மேட்டூர் அணை 1934 முதல் காவிரியின் வண்டலைத் தடுத்து நிறுத்திக்கொண்டிருக்கிறது. மேலேயும் அணைகள். ஆனாலும் டெல்டாவின் கடலோரம் வாடைக்காற்றில் கலங்கத்தான் செய்கிறது. அந்தக் கலங்கலில் என்றோ வந்து படிந்த பழைய சேறும் இருக்கிறது.

சுருக்கமாக: நீரின் நிறத்தை மாற்றுவது நுண்துகள். மணல் சீக்கிரம் அடியில் விழுந்துவிடும், நிறத்தையும் அவ்வளவாக மாற்றாது.

ஒளி உள்ளே போய்த் திரும்பும் வழி

சூரிய ஒளியில் எல்லா நிறமும் கலந்திருக்கிறது. தண்ணீர் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. சிவப்பைச் சில மீட்டருக்குள்ளேயே விழுங்கிவிடும். நீலம் நெடுந்தூரம் உள்ளே போகும். போகிற வழியில் கொஞ்சம் சிதறி மேலே திரும்பும். தெளிந்த ஆழ்கடல் நீலமாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான்.

இப்போது அதே நீரில் நுண்துகள்கள் கலந்திருக்கட்டும். தண்ணீர் சிவப்பை விழுங்கி முடிப்பதற்குள், மேலடுக்கிலேயே இருக்கும் துகள்கள் அதைத் திருப்பி அனுப்பிவிடும். கலங்கல் குறைவாக இருக்கும்போது பச்சை ஒளி கூடும். இன்னும் கலங்கினால் மஞ்சளும் சிவப்பும் கூடும், நீர் பழுப்பாகும். கலங்கல் மிக அதிகமானால் சிவப்பு ஒரு கட்டத்துக்குமேல் ஏறாமல் நின்றுவிடும். அதற்குமேல் எவ்வளவு மண் சேர்ந்தாலும் சிவப்பில் வித்தியாசம் தெரியாது. அப்போது நம் கண்ணுக்குத் தெரியாத, சிவப்புக்கு அடுத்துள்ள 'அண்மை அகச்சிவப்பு' ஒளிதான் கைகொடுக்கும். ஓரளவு கலங்கிய கடலுக்குச் சிவப்பு, மேற்கு வங்கத்தின் ஹூக்ளி ஆற்று முகத்துவாரம் போன்ற சேற்று நீருக்கு அண்மை அகச்சிவப்பு என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது அதனால்தான்.

செயற்கைக்கோள் தனித்தனியாக அளக்கும் ஒவ்வொரு நிற எல்லைக்கும் 'பட்டை' என்று பெயர். 1978இல் அமெரிக்காவின் நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் கடல் நிறத்துக்கென்றே ஒரு கருவி முதன்முதலாகப் பறந்தது. இந்தியா 1999 மே மாதம் ஓசன்சாட்-1 செயற்கைக்கோளை அனுப்பியது. அதில் இருந்த கருவி 8 பட்டைகளில், 360 மீட்டர் நுணுக்கத்தில் (அதாவது படத்தின் ஒரு புள்ளி ஏறத்தாழ அவ்வளவு தூரத்தைக் குறிக்கும்), 1,420 கி.மீ. அகலத்தை ஒரே வீச்சில் பார்த்தது. 2009இல் ஓசன்சாட்-2 போனது. 2022 நவம்பரில் போன ஓசன்சாட்-3இல் 13 பட்டைகள். இந்த வரிசை நமக்கு வாய்த்தது பெரிய விஷயம். கால் நூற்றாண்டுக்கு முன்பே கடல் நிறத்துக்காகச் சொந்தக் கருவி வைத்திருந்த நாடுகள் அதிகம் இல்லை.

சரி, ஒளியை அளந்தாயிற்று. அதிலிருந்து மில்லிகிராம் எப்படி வருகிறது? இதற்குப் படகு வேண்டும். செயற்கைக்கோள் கடக்கும் நேரத்தையொட்டிக் கடலுக்குள் போய், பல இடங்களில் நீர் எடுத்து, நுண்வடிதாளில் வடிகட்டி, உலர்த்தி எடை பார்க்க வேண்டும். அந்த எடையையும் அதே இடத்தில் செயற்கைக்கோள் அளந்த ஒளியையும் சேர்த்துப் பார்த்து ஒரு சூத்திரம் உருவாக்குவார்கள். ஹூக்ளியின் சேறு வேறு, பாக் விரிகுடாவின் சேறு வேறு. துகளின் பருமனும் நிறமும் மாறினால் சூத்திரமும் மாற வேண்டும். ஓரிடத்துச் சூத்திரத்தை இன்னோர் இடத்தில் அப்படியே போட்டால் அழகான வண்ண வரைபடம் வரும். அதிலுள்ள எண்களை நம்ப முடியாது. இந்தத் துறையில் மிகவும் மதிக்கப்பட வேண்டியது படகில் போய் நீர் மொள்ளும் வேலைதான் என்பது என் எண்ணம். ஆனால் அதற்குத்தான் கவனம் குறைவாகக் கிடைக்கிறது.

இன்னொரு எல்லையும் இருக்கிறது. கலங்கிய நீரில் ஒளி ஆழமாகப் போக முடியாது. செயற்கைக்கோளுக்குக் கிடைக்கும் தகவல் மேல் ஒரு மீட்டரிலிருந்து வந்தால் அதிகம். சேறு கூடக் கூட அது சில பத்து சென்டிமீட்டராகச் சுருங்கும். அடியில் எவ்வளவு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, மேலே கலங்கியிருப்பதைவிட அடியில் பொதுவாகக் கலங்கல் அதிகம் என்றாலும்.

நடுவில் நிற்கும் காற்று

இது பலருக்கும் தெரியாத கட்டம். கடலுக்கு மேலே நின்று பார்க்கும் செயற்கைக்கோளுக்கு வந்து சேரும் ஒளியில் ஏறத்தாழ 90 சதவீதம் கடலிலிருந்து வருவதில்லை. காற்றிலும் தூசியிலும் பட்டுச் சிதறி வருவது. கடல் சொல்லும் செய்தி மிச்சமுள்ள 10 சதவீதத்துக்குள் ஒளிந்திருக்கிறது. காற்றின் பங்கைக் கணக்கிட்டுக் கழிப்பதற்கு 'வளிமண்டலத் திருத்தம்' என்று பெயர்.

எப்படிக் கழிப்பது? தெளிந்த கடல் அண்மை அகச்சிவப்பை முழுக்க விழுங்கிவிடும். ஆகவே அந்தப் பட்டையில் ஏதாவது ஒளி வந்தால் அது காற்றிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அதைவைத்து மற்ற நிறங்களிலும் காற்றின் பங்கை ஊகிக்கலாம். ஆழ்கடலில் இது நன்றாக வேலை செய்கிறது.

கரையோரத்தில் இதே உபாயம் காலை வாரிவிடும். சேறு அண்மை அகச்சிவப்பையும் திருப்பி அனுப்பும் என்று பார்த்தோம் அல்லவா? கணினி அதைத் தூசி என்று நினைத்துக்கொண்டு வேண்டியதற்கு மேல் கழித்துவிடும். நீல ஒளி பூஜ்ஜியத்துக்கும் கீழே போய்விடும், அதாவது இருக்கவே முடியாத ஓர் எண் வரும். அதனால் சேற்றுக் கடலுக்கு இன்னும் நீண்ட அலைநீளமுள்ள குற்றலை அகச்சிவப்பைப் பயன்படுத்துகிறார்கள். அதைத் தண்ணீர் அவ்வளவு பலமாக விழுங்குவதால் சேறு இருந்தாலும் பெரும்பாலும் கருப்பாகவே தெரியும்.

கைப்பேசியில் சுற்றும் படங்களில் இந்தக் கழித்தல் முறையாகச் செய்யப்பட்டதா என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. இன்றைய படம் நேற்றையதைவிட மங்கலாக இருந்தால் கடல் மாறியிருக்கலாம், காற்றும் மாறியிருக்கலாம்.

பச்சையெல்லாம் பாசியில்லை, வெளிறியதெல்லாம் வண்டலில்லை

கடலின் நிறத்தை மாற்றுவது வண்டல் மட்டும் என்றால் வேலை எளிதாக இருந்திருக்கும். நுண்பாசிகளும் மாற்றும். ஆற்றிலும் சதுப்பிலும் மக்கிய இலைதழையின் சாறும் மாற்றும். அது நீலத்தை விழுங்கி நீரை மஞ்சளாக்கும். ஆழ்கடலில் நிறத்தை மாற்றுவது பெரும்பாலும் பாசிதான் என்பதால், நீலத்தையும் பச்சையையும் ஒப்பிட்டாலே பாசியின் பச்சையத்தை அளந்துவிடலாம். ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளை மீனவர்களுக்கு அறிவிக்கப் பயன்படுத்தும் தகவல்களில் இந்தப் பச்சைய அளவும் ஒன்று. அதே ஒப்பீட்டைக் கலங்கிய கரையோரத்தில் செய்தால் சேற்றையும் பாசி என்று எண்ணி மிகையாகக் காட்டும். கரையை ஒட்டிப் படத்தில் 'பாசி அதிகம்' என்று வந்தால் உடனே நம்பிவிடக் கூடாது.

இதைவிடப் பெரிய குழப்பம் ஆழம் குறைந்த தெளிந்த நீரில் வரும். தனுஷ்கோடிக்கும் மன்னார்த் தீவுக்கும் இடையே உள்ள மணல்திட்டு வரிசையை, இராமர் பாலம் என்றும் ஆதாம் பாலம் என்றும் சொல்கிறோமே, அதை விண்ணிலிருந்து பார்த்தால் வெளிறிய நீலப்பச்சையில் பளபளக்கும். வண்டல் ஓடுகிறது என்று பலர் அதைக் காட்டுவார்கள். அங்கே பளபளப்பதில் பெரும்பகுதி நீருக்கு அடியில் கிடக்கும் வெண்மணல். நீர் தெளிவாக இருப்பதால்தான் அடி தெரிகிறது. ஆக, அந்த நிறம் சொல்வது கலங்கலுக்கு நேர் எதிரான செய்தி.

பிரித்தறிய இரண்டு வழிகள். வெவ்வேறு நாள் படங்களை ஒப்பிடுங்கள்: அடிமணலின் உருவம் வாரக்கணக்கில் ஏறத்தாழ அப்படியே இருக்கும், வண்டலின் உருவம் நாளுக்கு நாள் மாறும். இல்லையென்றால் சிவப்புப் பட்டையை மட்டும் தனியாகப் பாருங்கள். சிவப்பு ஒளி சில மீட்டருக்குள் விழுங்கப்படும் என்பதால், அதைவிட ஆழத்தில் கிடக்கும் மணல் அந்தப் பட்டையில் மறைந்துவிடும். மேலே மிதக்கும் வண்டல் மறையாது.

ஒரு படத்தில் நகர்வு தெரியாது

'வண்டல் நகர்வைக் கண்காணிக்கிறார்கள்' என்று கேள்விப்படும்போது துகள்களின் பின்னாலேயே கண் ஓடுவதுபோலத் தோன்றும். ஒரு படம் ஒரு கணத்தின் நிலையைத்தான் காட்டும். நகர்வை அறியக் குறைந்தது இரண்டு படம் வேண்டும். முதல் படத்தில் தெரியும் கலங்கலின் விளிம்பையும் சுழிப்பையும் இரண்டாவது படத்தில் தேடிக் கண்டுபிடித்து, எவ்வளவு தூரம், எந்தத் திசையில் போயிருக்கிறது என்று கணக்கிடுவார்கள்.

இதில் இரண்டு சிக்கல். முதலாவது காலம். ஓசன்சாட் ஒரே இடத்தை இரண்டு நாளுக்கு ஒருமுறை பார்க்கிறது. கடலின் ஏற்றவற்றமோ ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். ஏற்றவற்ற உயரம் 10 மீட்டரை எட்டும் குஜராத்தின் கம்பாத் வளைகுடாவில், வண்டல் ஒரு நாளில் பலமுறை முன்னும் பின்னும் போய்வந்துவிடும். இரண்டு நாள் இடைவெளியில் எடுத்த படங்களை வைத்து அந்த ஓட்டத்தைக் கணக்கிட முடியாது. தென் கொரியா இதற்கு ஒரு வழி கண்டது. 2010இல் புவிநிலைச் சுற்றுப்பாதையில், அதாவது ஒரே இடத்துக்கு மேல் நிலையாக நிற்கும் செயற்கைக்கோளில், கடல் நிறக் கருவியை வைத்தது. அது கொரியாவைச் சூழ்ந்த கடலை ஒரு பகலில் மணிக்கொரு முறையாக எட்டு முறை படமெடுத்தது. மஞ்சள் கடலின் சேறு ஏற்றவற்றத்தோடு கூடிக் குறைவதை ஒரே நாளில் பார்க்க முடிந்தது.

இரண்டாவது சிக்கல் நுட்பமானது. நேற்று தெளிவாக இருந்த இடம் இன்று கலங்கியிருந்தால், வேறெங்கிருந்தோ வண்டல் வந்தது என்று பொருளாகாது. அங்கேயே அடியில் கிடந்தது எழுந்திருக்கலாம். பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைவான ஆழம். பலமான காற்று இரண்டு நாள் அடித்தால் அடிச்சேறு தானாக எழும்பும். படத்தில் கலங்கல் 'பரவுவது' போலத் தெரியும். உண்மையில் ஒன்றும் பயணம் செய்திருக்காது. காற்று, அலை, நீரோட்டம் ஆகிய தகவல்களையும் கூட வைத்துப் பார்த்தால்தான் வந்ததையும் எழுந்ததையும் பிரிக்க முடியும்.

பருவத்துக்குப் பருவம் நடப்பதை அறியத்தான் இந்தத் தரவு நம் கடலுக்குச் சிறப்பாக உதவுகிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது சோழமண்டலக் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கிப் போகிறது. கோடியக்கரையைச் சுற்றிக்கொண்டு பாக் நீரிணை வழியாகக் கலங்கிய நீர் விரிகுடாவுக்குள் நுழைவதைப் படங்களில் பார்க்கலாம். தென்மேற்குப் பருவத்தில் நிலைமை மாறும். வருத்தம் என்னவென்றால், வண்டல் அதிகம் ஓடும் அதே வாடைக் காலத்தில்தான் மேகமும் அதிகம். மேகத்துக்குக் கீழே இந்தக் கருவிகளால் பார்க்க முடியாது. ஆகவே நம்மிடம் இருக்கும் படத்தொகுப்பு பெரும்பாலும் மழை விட்ட நாள்களின் கதையைத்தான் சொல்கிறது.

இதுவரை பார்த்ததில் மனதில் வைக்க வேண்டியவை: செயற்கைக்கோள் காண்பது மேலடுக்கின் நுண்வண்டல், காற்றின் பங்கைச் சரியாகக் கழித்தால்தான் எண் வரும், ஒரு படம் நகர்வைச் சொல்லாது.

அப்படியானால் கடற்கரை மணல்?

மணல் வேறு வழியில் பயணிக்கிறது. அலைகள் கரையில் நேராக மோதாமல் சாய்வாக மோதும்போது, உடையும் அலைக்கும் கரைக்கும் இடைப்பட்ட குறுகிய பட்டையில், மணல் அடியோடு அடியாக உருண்டும் துள்ளியும் கரையோரமாகவே நகர்கிறது. தமிழகத்தின் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவத்தில் அது வடக்கே போகும். வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்பும். ஆண்டு முழுவதும் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம்.

இந்த ஓட்டத்தின் குறுக்கே எதைக் கட்டினாலும் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகம் வந்தபின் நகரத்தின் முன்னால் இருந்த மணற்பரப்பு போய்க் கருங்கல் குவியல் நின்றது. குடியிருப்புகளை இழந்தவர்களும் படகு ஏற்ற இடமில்லாமல் தவிப்பவர்களும் நடந்துபோன ஒரு தவறின் விளைவைச் சுமக்கிறார்கள். அவர்கள் விஷயத்தில் புயலுக்குப் பின் வரும் பழுப்புப் படத்தைக் காட்டி 'இயற்கைதான் மணலை அள்ளிப் போகிறது' என்று யாராவது சொன்னால், அது அறிவியலும் ஆகாது, நியாயமும் ஆகாது. அலை ஒன்றே இரண்டையும் கலக்குகிறது என்றாலும், வண்டல் போகும் திசையும் அளவும் மணலுக்குப் பொருந்த வேண்டியதில்லை.

மணலைக் கண்காணிக்கவும் செயற்கைக்கோள் உதவும், ஆனால் வேறு வகையில். நீரின் நிறத்தை விட்டுவிட்டு, நீரும் நிலமும் சந்திக்கும் கோட்டை ஆண்டுக்கு ஆண்டு வரைந்து பார்ப்பார்கள். சென்னையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் இப்படி 1990 முதலான படங்களை ஒப்பிட்டு, இந்தியக் கடற்கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாகிறது என்று கண்டது.

கடல் நிறத் தரவின் பயன் வேறு இடங்களில் இருக்கிறது. துறைமுகக் கால்வாயில் சேறு எங்கிருந்து வந்து தூர்க்கிறது, தூர்வாரிக் கொட்டிய சேறு எந்தப் பக்கம் போகிறது, கடற்புல்லுக்கு வெயில் கிடைக்கிறதா என்பதையெல்லாம் அது சொல்லும். கடைசியாகச் சொன்னது சிறிய கேள்வி அல்ல. 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கி.மீ. பரப்பு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. கடற்பசு தின்பது கடற்புல். நீர் நீண்ட நாள் கலங்கிக் கிடந்தால் அந்தப் புல் வளர வெளிச்சம் இருக்காது.

நீங்களே பார்க்க

நாசாவின் வேர்ல்ட்வியூ இணையதளத்தில் நாள்வாரியாகப் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐரோப்பாவின் கோப்பர்நிகஸ் தளத்தில் சென்டினல்-2 எடுத்த 10 மீட்டர் நுணுக்கப் படங்கள் கிடைக்கும். முகத்துவாரங்களைப் பார்க்க அதுவே நல்லது. உங்கள் ஊர்க் கடற்கரையைத் தேர்ந்தெடுங்கள். மேகமில்லாத நாள்களாகப் பார்த்து, பிப்ரவரியில் ஒன்றும் ஜூலையில் ஒன்றுமாக எடுத்து அருகருகே வையுங்கள். பிறகு அந்த நாள்களுக்கு முந்தைய இரண்டு மூன்று நாள் காற்று எப்படி இருந்தது என்று தேடுங்கள். வண்ண வரைபடமாக இருந்தால் அளவுகோலின் மேல் எல்லையைப் பாருங்கள். படத்தில் பெரும்பகுதி அந்த எல்லை நிறத்திலேயே நிரம்பியிருந்தால், அங்கே உண்மையில் எவ்வளவு வண்டல் என்று அந்தப் படத்திலிருந்து சொல்ல முடியாது.